கொழுந்தே இல்லாத வாரம்

நஞ்சப்பன் கோடு போடும்போது மூச்சு விடமாட்டார். கிராப் தாளின்மேல் ஸ்கேலை வைத்து, இடது கையை விரித்து அழுத்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அவர் மூச்சை அடக்கினால், அந்த அறையில் இருக்கிற மற்றவர்களும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது சொல்லாமலே புரிந்துவிடும். தோட்டத்து ஆட்களுக்குப் பேர் போடுகிற மேல் டிவிஷன் மஸ்டர் ஆபீசில் அன்று காலை அப்படி மூன்று பேர் மூச்சடக்கி நின்றார்கள். ஒருவர் நஞ்சப்பன். இன்னொருவர் எஸ்டேட் மேனேஜர். கோட்டயத்துக்காரர்தான், ஆனால் வெள்ளைக்காரர்கள் போகும்போது பங்களாவோடு சேர்த்து விட்டுப்போன ‘துரை’ என்ற பட்டமும் அவருக்கு வந்திருந்தது. மூன்றாமவர், கதவோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற ரைட்டர் இன்னாசிராஜ். வெளியே கார்த்திகை மாதத்துத் தூறல் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அது மட்டும் நஞ்சப்பனை மதிக்கவில்லை.

பென்சில் இடமிருந்து வலமாக ஓடி நின்றது. நஞ்சப்பன் மூச்சு விட்டார். எல்லோரும் விட்டார்கள்.

“பாருங்க,” என்றார். “வருசத்துக்கு அம்பத்திரண்டு வாரமுங்க. அம்பத்திரண்டு புள்ளி. ஒண்ணாச்சும் வரிசையை விட்டு வெளிய நிக்குதா பாருங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக்கூட இப்படி நிறுத்த முடியாதுங்க.”

நஞ்சப்பனுக்குப் பெருமாட்டியில் நாற்பது ஏக்கர் தோப்பும் வயலும் இருந்தன. அவற்றைக் கவனிக்க அண்ணன் இருந்தார். ஆகவே கணிதத்தைக் கவனிக்க நஞ்சப்பனுக்கு நேரம் இருந்தது. பத்து வருடம் சித்தூரில் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்துவிட்டு, பிறகு தபால் மூலம் ஒரு படிப்புப் படித்து, ‘காஸ்ட் அட்வைசர்’ என்று லெட்டர்பேடு அடித்துக்கொண்டார். முதல் ஆராய்ச்சியைச் சொந்தத் தோப்பிலேயே நடத்தினார். கள்ளிறக்குகிறவர்கள் ஒரு மரம் ஏறி இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தோடு அடியில் நின்று நான்கு நாள் குறித்தார். ஐந்தாம் நாள் யாரும் வரவில்லை. கிராப் நேராகப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது. அதையும் ஓர் ஆராய்ச்சி முடிவாகவே அவர் எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி. அப்படிப்பட்டவரை, எஸ்டேட்டில் செலவைக் குறைக்க வழி சொல்லச் சொல்லி, சின்னக்கானலுக்கு மேலே மேகத்துக்குள் இருக்கிற பன்னீர்மேடு தேயிலை எஸ்டேட்டுக்குத் துரை வரவழைத்திருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸும், வீட்டு அரிசி பத்து கிலோவும் இருந்தன. இரண்டையும் அவர் யாரையும் தொடவிடவில்லை.

“இந்தக் கணக்கு யாரு எழுதுனதுங்க?” என்று நஞ்சப்பன் கேட்டார்.

துரை கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

“ரைட்டருங்களா! வாங்க, கிட்ட வாங்க. கையைக் குடுங்க. இருவது எஸ்டேட் பாத்திருக்கறனுங்க. இத்தனை சுத்தமான கணக்கை ஒருத்தரும் எழுதினதில்லீங்க.”

பத்தொன்பது வருட வேலையில் இன்னாசிராஜின் கையை யாரும் குலுக்கியதில்லை. கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். முகம் சிவந்துவிட்டது. வெளியே ஓடி, எல்லோருக்கும் டீ போடச் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெருமை சரியாக டீ வந்து சேரும் வரை இருந்தது.

டீயை உறிஞ்சியபடியே நஞ்சப்பன் பாடம் நடத்தினார். துரைக்குத்தான் நடத்தினார், ஆனால் வாத்தியார்களுக்குக் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் போவதில்லை. தாளின் அடியில் கிடக்கிற கோட்டில் வாரத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து. ஓரத்தில் நிமிர்ந்து நிற்கிற கோட்டில் அந்த வாரத்துக்கு எத்தனை ரூபாய் செலவு. “ரெண்டே ரெண்டு இடம் எடுத்துக்குவோமுங்க. மழை வாரம் இது. ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோ, ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். இது கொழுந்து கொட்டற வாரம். ஆறாயிரம் கிலோ, நாலாயிரத்து எரநூறு ரூபாய். கொழுந்து எத்தனை ஏறுச்சுங்க? மூவாயிரத்து ஐந்நூறு கிலோ. செலவு எத்தனை ஏறுச்சு? ஆயிரத்து நானூறு ரூபாய். அதை இதுல வகுத்தா, கிலோவுக்கு நாப்பது பைசா. எந்த ரெண்டு புள்ளியை எடுத்தாலும் இதே நாப்பது பைசாதானுங்க. அதுதான் நேர்கோட்டோட பெருமை.”

துரை தலையாட்டினார். அவருக்குப் பெருமை புரிந்தது. பைசா புரிய இன்னும் நேரமாகும் போலிருந்தது.

“இப்பப் பாருங்க,” என்று நஞ்சப்பன் ஸ்கேலை மறுபடியும் வைத்தார். மூச்சை அடக்கினார். கோட்டை இந்தமுறை இடதுபக்கம் நீட்டினார். மழை வாரத்துப் புள்ளியைத் தாண்டி, புள்ளிகளே இல்லாத வெற்றிடத்துக்குள் பென்சில் போயிற்று. ரெண்டாயிரம் கிலோ. ஆயிரம் கிலோ. ஐந்நூறு. பிறகு கொழுந்தே இல்லாத இடத்துக்கு வந்து, நிமிர்ந்து நின்ற கோட்டில் ஓரிடத்தில் முட்டி நின்றது.

“ஆயிரத்து எண்ணூறு,” என்றார் நஞ்சப்பன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மழை வாரத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு நாப்பது பைசா வீதம் ஆயிரம் ரூபாய். அந்த வாரத்துச் செலவு ரெண்டாயிரத்து எண்ணூறு. மிச்சம் ஆயிரத்து எண்ணூறு எங்கீங்க போச்சு? ஒரு இலை கிள்ளாட்டியும் இந்த டிவிஷன் வாரா வாரம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் தின்னுபோடுதுங்க. செலவு சமம் ஆயிரத்து எண்ணூறு கூட்டல் கிலோவுக்கு நாப்பது பைசா. அவ்வளவுதானுங்க இந்த டிவிஷன். ஒரே வரி.”

நாற்பது குடும்பங்கள், அவர்கள் குடியிருக்கிற மூன்று லயங்கள், ஒரு மாதா கோயில், பிள்ளை பார்க்கிற கொட்டகை, தண்ணீர்க் குழாய், சுடுகாடு எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டதைத் துரை ரசித்துப் பார்த்தார். “அப்போள், இந்த டிவிஷனை மூடிட்டு, கீழ் டிவிஷன் பெண்ணுங்களை லாரியில ஏத்திக்கொண்டு வந்து இங்கே கொழுந்து எடுத்தால்?”

“நாப்பது பைசா நாப்பத்தஞ்சு ஆவுமுங்க. ஆயிரத்து எண்ணூறு இருக்காது.”

தூறல் கொஞ்சம் வலுத்தது. இன்னாசிராஜ் கோட்டின் இடது நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எந்தப் புள்ளியும் இல்லை. கொழுந்தே இல்லாத வாரம் என்று ஒன்றை அவர் எழுதியதேயில்லை. அப்படி ஒரு வாரம் இந்த மலையில் இருந்ததுமில்லை. இல்லாத அந்த வாரத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. யாரும் குடியிருப்பதாகத் தெரியவில்லை.

“ரைட்டர்,” என்று நஞ்சப்பன் அன்பாகக் கூப்பிட்டார். “அந்த ஆயிரத்து எண்ணூறுக்குள்ள யாரு யாரு இருக்காங்கன்னு ஒரு லிஸ்டு எழுதி, அடியில ஒப்பு வெச்சுக் குடுங்க. சனிக்கிழமை கம்பெனிக்கு ரிப்போர்ட்டு போவோணும். உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்குதுங்க.”

இன்னாசிராஜ் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நாற்பது பெண்களின் தினக்கூலி, ஆளுக்கு ஆறு ரூபாய், ஆறு நாள்: ஆயிரத்து நானூற்று நாற்பது. வாட்ச்மேன். கொட்டகை ஆயா. பால்பவுடர். விறகு. லயம் ரிப்பேர். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு முத்து மாதிரியே எழுதினார்: ரைட்டர், ஒருவர்.

அந்தக் கோடு ஏன் அவ்வளவு நேராக வந்தது என்பது இன்னாசிராஜுக்கு மட்டும் தெரியும். ஒரு நாளைக்குப் பத்து கிலோ கிள்ளினால் முழுப்பேர், அதாவது முழுக் கூலி; குறைந்தால் அரைப்பேர். ஆடி மழையில் கையும் காலும் அட்டை கடித்து ரத்தமாக, ஒரு பெண் ஆறு கிலோ கிள்ளினாலே அதிசயம். ஆனால் மேல் டிவிஷன் ஏட்டில் எந்த மழையிலும் யாரும் பத்துக்குக் கீழே போனதில்லை. பழைய ரைட்டர் யாக்கோபு காலத்திலிருந்தே அப்படித்தான். தராசில் ஆறு காட்டினால் ஏட்டில் பத்து ஏறும். சித்திரை வைகாசியில் கொழுந்து கொட்டும்போது, இருபத்தெட்டு கிள்ளினவளுக்கு இருபத்தைந்து ஏறும். யாரும் வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை. ‘ஏத்தி இறக்குறது’ என்று அதற்கு ஒரு பெயர் மட்டும் இருந்தது. மழையில் பாக்டரிக்குப் போகிற எடை குறைந்தால், வழியில் தண்ணீர் வடிந்துவிட்டது என்று எழுதினால் போதும். கோடையில் கூடினால் யாரும் கேட்கமாட்டார்கள். அதிகம் வந்ததற்கு விளக்கம் கேட்ட முதலாளியை உலகம் இன்னும் பார்க்கவில்லை. யாருக்கு எத்தனை ஏற்றினார், எத்தனை இறக்கினார் என்பதற்கு இன்னாசிராஜ் ஒரு நீல நோட்டு வைத்திருந்தார். வருட முடிவில் ஏற்றினதும் இறக்கினதும் கிலோ பிசகாமல் சமமாக இருக்கும். அந்த நேர்மையில் அவருக்கு ஒரு கர்வமும் இருந்தது. பொய்யைக்கூட ஒழுங்காக எழுதுகிறவன் என்ற கர்வம்.

அந்த ஒழுங்குதான் புள்ளிகளை வரிசையில் நிறுத்திவிட்டது. மழைக்கு அரைப்பேர் போட்டிருந்தால் செலவு ஒரு வாரம் குழியில் விழும், ஒரு வாரம் மேட்டில் ஏறும்; புள்ளிகள் கடுகு கொட்டினதுபோலச் சிதறியிருக்கும். எந்த ஸ்கேலை வைத்தாலும் கோடு வந்திருக்காது. கோடு இல்லாவிட்டால் நீட்ட முடியாது. நீட்ட முடியாவிட்டால் ஆயிரத்து எண்ணூறும் இல்லை. நீல நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் கோடு கோணிவிடும், டிவிஷன் தப்பித்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் வேலை போகும். போகட்டும், லிஸ்டில்தான் ஏற்கெனவே தன்னை எழுதிக் கொடுத்தாயிற்றே.

வேறு யாரிடமும் போக வழியில்லை. அது அவசர நிலைக் காலம். சங்கத்துக் கொடி கம்பத்தில் நனைந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவர் மூணாறில் ஒரு கடையில் உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்தார். ‘பேச்சைக் குறை’ என்ற போஸ்டரைத் துரை மஸ்டர் ஆபீசில் ஒட்டியிருந்தார். வேலையைக் கூட்டச் சொன்ன பாதியை மழை கிழித்திருந்தது.

பிள்ளை பார்க்கிற கொட்டகைக்கு அவர் போனபோது ஞானஜோதி கஞ்சிப் பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள். பதினேழு பிள்ளைகள் சாக்குப் படுதாவின்மேல் உருண்டுகொண்டிருந்தன. ஞானஜோதியும் ஒரு காலத்தில் கொழுந்து எடுத்தவள்தான். புருஷன் சாவுக்குச் சங்கரன்கோயில் பக்கம் போனவள் மூன்று மாதம் கழித்துத் திரும்பினாள். அதற்குள் ஏட்டிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டார்கள். பதினொரு வருடமாகக் கொட்டகை ஆயா. பதினொரு வருடமும் தற்காலிகம். கொட்டகையின் பின்னறைதான் வீடு.

“என்னண்ணே, மொகம் விடிஞ்சாப்ல இல்லையே. கை குலுக்குனாகளாம்லா?”

“குலுக்குனாக. கோடு போட்டாக.”

“என்ன கோடு?”

அவர் சொன்னார். கரண்டியை நிறுத்தாமல் கேட்டாள்.

“கோடு போட்டு வீட்டக் கட்டுவாக, பாத்திருக்கேன்,” என்றாள். “கோடு போட்டு இடிக்கவும் செய்வாகளோ?”

“அந்தக் கோடே எங்கையால வந்ததுதான் பிள்ள. நீல நோட்டக் கொண்டு காட்டிட்டா கோணிப்போவும்.”

“ஒங்களப் பிடிச்சு உள்ள போட்டுருவாகளே.”

“போடட்டும். உள்ள மழையில்ல.”

அவள் சிரிக்கவில்லை. “அண்ணே,” என்றாள், “கோணினா எனக்கு இந்த அறை நிக்குமா?”

“நிக்கும்,” என்றார் இன்னாசிராஜ். அதை எந்த ஏட்டிலிருந்தும் பார்த்துச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீல நோட்டைக் கம்பளிக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு விருந்தினர் பங்களாவுக்குப் போனார். நஞ்சப்பன் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, வேண்டாம் என்றாலும் கேட்காமல், எதிரே இன்னோர் இலை போடச் சொன்னார்.

“ஊட்டு அரிசிங்க. உக்காருங்க. என்னமோ சொல்லோணும்னு வந்தீங்களாமா?”

“மழை மாசக் கணக்கப் பத்தி சார்…”

“மொதல்ல சாப்பிடுங்க. கணக்கு எங்கயும் ஓடாதுங்க.” அவரே சாம்பாரை ஊற்றினார். இன்னாசிராஜ் இடது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு வலது கையால் பிசைந்தார். நோட்டு நழுவப் பார்த்தது.

“ஏனுங்க ரைட்டர், அந்தக் கோடு போட்ட அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலீங்க,” என்றார் நஞ்சப்பன். “சந்தோசத்துலன்னு நெனச்சனுங்க. இல்லீங்க. பத்து வருசம் பரீட்சைப் பேப்பர் திருத்துனவன் நானு. ஒரு பையன் அத்தனை கணக்கையும் சரியாப் போட்டிருந்தான்னா, நான் அவனைப் பாக்க மாட்டனுங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவனைத்தான் பாப்பேன். எங்க தோப்புல மரம் வரிசையா நிக்கும். நட்டது எங்கய்யன். ஆனா காய் வரிசையாக் காய்க்கறதில்லீங்களே. கொழுந்து மட்டும் எப்படீங்க வரிசையா வரும்?”

இன்னாசிராஜ் வாயில் வைத்த கவளம் அங்கேயே நின்றது. “அப்ப… அந்தக் கோடு தப்பா சார்?”

“தப்புன்னு யாருங்க சொன்னது? துரைக்குக் கோடு புடிச்சுப்போச்சு. கம்பெனிக்குத் தந்தி அடிச்சுப்போட்டாரு. இனி அது சரியா தப்பான்னு யாரும் பாக்க மாட்டாங்க. எதுக்கு ஆவும்னுதான் பாப்பாங்க. கூட்டு போட்டுக்குங்க.”

கூட்டு விழுந்தது.

“ஒரே ஒரு சங்கடமுங்க,” என்று தொடர்ந்தார். “மூடறதுக்கும் ஒரு செலவு இருக்குது. சட்டப்படி, சர்வீஸ்ல ஒரு வருசத்துக்குப் பதினஞ்சு நாள் கூலி குடுக்கோணும். நாப்பது பேருக்கும் போட்டுப் பாத்தேன். நாப்பத்தி மூவாயிரத்துச் சில்லறை. துரை அதுக்குத்தான் மொகத்தைச் சுளிக்கறாரு. எடையில கள்ளம் பண்ணிப் பேர் வாங்குனாங்கன்னு காட்ட ஒரு காயிதம் கெடைச்சா, ஒருத்திக்கும் ஒரு பைசா குடுக்க வேண்டியதில்லைன்னு வக்கீல் சொல்லியிருக்காராம். அது என்ற அபிப்ராயம் இல்லீங்க. நான் ஒருத்தருக்கும் கெடுதல் நெனைக்கறவனில்லை. கணக்கு அப்படிச் சொல்லுது, அவ்வளவுதான்.”

வெளியே ஜீப்பை யாரோ கிளப்பிப் பார்த்து அணைத்தார்கள். நஞ்சப்பன் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, கண்ணாடிக்கு மேலாக, கம்பளி புடைத்திருந்த இடத்தைப் பார்த்தார். பெரிய மனிதத்தனம் எல்லாம் முகத்திலிருந்து வடிந்து, பேப்பர் திருத்திச் சலித்த ஒரு டுட்டோரியல் வாத்தியார் மட்டும் மிஞ்சியிருந்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஜீப் வருமுங்க. எடை நோட்டு எல்லாத்தையும் கட்டி வெச்சிருங்க. இத்தனை நோட்டுன்னு எனக்குத் தெரியாது பாருங்க. அதனால ஒண்ணு கொறைஞ்சா எனக்குத் தெரியாதுங்க. அதிகமா ஒண்ணு வந்தாத்தான் தெரியும்.” பிறகு, பழைய குரலில், “என்னமோ சொல்ல வந்தீங்களே?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார்.”

“அப்ப ரசம் ஊத்திக்குங்க.”

மலையேறித் திரும்பும்போது இன்னாசிராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேறெதுவும் செய்யத் தெரியாதவர்களின் வழக்கம் அது. இருபது வருடம் கொழுந்து கிள்ளியவளுக்கு முந்நூறு நாள் கூலி. ஆயிரத்து எண்ணூறு ரூபாய். நின்றுவிட்டார். மறுபடியும் பெருக்கினார். அதே ஆயிரத்து எண்ணூறு. ஒருத்தியின் இருபது வருடமும் டிவிஷனின் கொழுந்தே இல்லாத ஒரு வாரமும் ஒரே விலைதான். மேகம் இறங்கி, பாதையில் முன்னால் வைத்த காலே தெரியவில்லை.

மறுநாள் காலை, பெண்கள் மலைக்குப் போனபிறகு கொட்டகைக்கு வந்தார். அடுப்பில் விறகு ஈரமாகப் புகைந்துகொண்டிருந்தது. ஞானஜோதி ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, பங்களாவில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னார். நோட்டைக் காட்டினாலும் மூடுவார்கள், காட்டாவிட்டாலும் மூடுவார்கள். காட்டாவிட்டால் பேர் இருக்கிறவர்களுக்குக் காசு வரும்.

“எவ்வளவு வரும்?”

“மாரியம்மைக்கு ஆயிரத்து எண்ணூறு. செல்லத்தாய்க்கு ஆயிரத்து எரநூறு சொச்சம். ஆளுக்கு ஆளு மாறும்.”

“ஊருல ஒரு குடிசையும் ரெண்டு ஆடும் வாங்கிரலாம்,” என்றாள். ஊதினாள். புகைதான் வந்தது. “எனக்கு?”

நாற்பது பேருக்கும் பைசா வரை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு அந்த ஒரு கணக்கு வரவில்லை.

“சொல்லுங்கண்ணே, பேர் வெட்டுனவளுக்குச் சட்டத்துல என்ன போட்டிருக்கு?”

“ஒண்ணும் போடல பிள்ள.”

“காட்டினா?”

“காட்டினா…” என்று இழுத்தார். “துரைக்குக் கோடு மேல சந்தேகம் வந்தாலும் வரலாம். கொஞ்ச நாள் தள்ளிப்போனாலும் போவலாம். அவுக நாப்பது பேரும் கள்ளிகன்னு ஆயிரும். ஒனக்கு அறை ஒரு மாசம் நிக்கலாம். ரெண்டு மாசம் நிக்கலாம்.”

“நிக்கலாம்,” என்று அவள் திருப்பிச் சொன்னாள். “அன்னைக்கு நிக்கும்னீக.”

ஒரு பிள்ளை தவழ்ந்து வந்து அவள் சேலையைப் பிடித்து எழுந்து நின்றது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். இன்னாசிராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கம்பளிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். அவள் நோட்டைப் புரட்டினாள். எழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் இருபுறமும் எண்கள் நெருக்கமாக நின்றன.

“நா எடுத்த வருசம் இதுல இருக்கா?”

“நாலாம் பக்கத்துல இருக்கு. அந்த ஆடியில ஒனக்கு முப்பத்தொரு கிலோ ஏத்தியிருக்கேன். இறக்குறதுக்குள்ள பேர் வெட்டிட்டாக.”

“அப்ப இன்னும் முப்பத்தொரு கிலோ நாந்தான் ஒங்களுக்குப் பாக்கி.” இப்போது சிரித்தாள். நாலாம் பக்கத்தைத்தான் முதலில் கிழித்தாள். சுருட்டி விறகுக்கு அடியில் செருகி ஊதினாள். பற்றிக்கொண்டது. அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். “நெசக் கணக்கு ஈரமா இருக்கும்னு நெனச்சேம்ணே,” என்றாள். “நல்லாத்தான் எரியுது.” அட்டை வரைக்கும் போனபின் கஞ்சி கொதி வந்தது.

பத்து மணிக்குச் சொன்னபடி ஜீப் வந்தது. எடை நோட்டுக் கட்டுகளை டிரைவர் எண்ணாமல் ஏற்றிக்கொண்டான். நஞ்சப்பன் முன் சீட்டில், மடியில் ஜாமெட்ரி பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். இன்னாசிராஜைப் பார்த்து, எல்லாம் வந்துட்டுதுங்களா என்று மட்டும் கேட்டார். வந்திட்டு சார் என்றார் இவர். ஜீப் திரும்பிய பிறகுதான், அதன் பின்னாலிருந்து இரண்டு பேர் இறங்கி நின்றிருப்பதைப் பார்த்தார். பாக்டரி ஆட்கள். கையில் ஏணி. ஒருவன் காதில் சுண்ணாம்புக் கட்டி செருகியிருந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, கூரைத் தகரம் எத்தனை தேறும் என்று எண்ணிவரச் சொல்லியிருக்கிறார்கள், கழற்றுவதற்கு இல்லை, எண்ணுவதற்குத்தான் என்றான். கொட்டகையிலிருந்து ஆரம்பிக்கிறோம், அது சின்னது.

ஏணி சாய்ந்தது. சுண்ணாம்புக் கட்டிக்காரன் மேலே ஏறினான். கொட்டகைக்குள் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன. தலைக்குமேல் தகரம் நெளிந்து சத்தம் போட்டதும் எல்லாம் அண்ணாந்தன, ஒன்று அழப்போயிற்று. அதற்குள் மேலே அவன் முதல் தகரத்தில் கோடு கிழித்து உரக்கச் சொன்னான்: “ஒண்ணு.”

“ஒண்ணு,” என்றது ஒரு பிள்ளை.

“ரெண்டு.”

“ரெண்டு!” என்றன நாலைந்து.

ஞானஜோதி கரண்டியோடு நடுவில் நின்றாள். பிள்ளைகளை அடக்கவுமில்லை, கூடச் சேர்ந்து சொல்லவுமில்லை. வாசலில் நின்ற இன்னாசிராஜை அவள் பார்க்கவேயில்லை. மேலே காலடி நகர்ந்துகொண்டே போயிற்று. மூணு, நாலு, அஞ்சு. பிள்ளைகளுக்குக் குஷி வந்துவிட்டது. கஞ்சித் தட்டுகளை நகர்த்திவிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் கை தட்டின. அவன் மலையாளத்தில் ‘பந்த்ரண்டு’ என்றான். கீழே ‘பன்னெண்டு’ என்று கத்தின. மேலே இருந்தவனுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடுத்ததைப் பாட்டுபோல இழுத்துச் சொன்னான். பதினெட்டு, பத்தொம்பது, இருவது.

இருபதோடு பிள்ளைகளுக்குத் தெரிந்த எண்கள் தீர்ந்தன. கொட்டகை சட்டென்று அமைதியாயிற்று. தகரத்தில் சுண்ணாம்பு கிறீச்சிடுவது கேட்டது.

“இருவத்தொண்ணு,” என்றான் மேலே.

கீழே ஒரு பிள்ளை கொஞ்சம் யோசித்தது. பிறகு “ஒண்ணு!” என்று ஆரம்பித்தது. எல்லாப் பிள்ளைகளும் கைதட்டிக்கொண்டு அதன் பின்னால் சேர்ந்துகொண்டன.